பரீட்சை மறுபடியும் வரும்

அன்புள்ள ஜெயன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது உன் கல்யாணப் பத்திரிகை, மண்டபம், அப்பாவுக்குத் தைக்கக் கொடுத்த சட்டை என்று எல்லாவற்றையும் விசாரித்தாய். வைக்கப்போகிற நேரத்தில்தான் அதைச் சொன்னாய். "எம்.சி.ஏ.வுல மறுக்கா ஒரு பேப்பர் போயிருச்சும்மா. டிரம்பெட்டை யாருக்காச்சும் குடுத்தர்லாம்னு இருக்கேன். கல்யாணத்துக்கு அப்பறம் இதுக்கெல்லாம் ஏது நேரம்?" நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரும் வரவில்லை. நீ பெங்களூரில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு, பின்னால் வண்டிச் சத்தம் கேட்க, அவசரமாகக் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே.

அறிவுரை சொல்லமாட்டேன் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கீழ் கோத்தகிரியில் கணக்கு டீச்சராகவே இருந்துவிட்டவளுக்கு அறிவுரை சொல்லாமல் பேச வராது. அதுவும் வரும். அதற்கு முன்னால், நீ கல்லூரியில் படித்த அந்த வருடங்களை நான் பார்த்த மாதிரி உனக்குச் சொல்ல வேண்டும். உன் பக்கம் உனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் பக்கம் உனக்குத் தெரியாது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை.

பள்ளிக்கூட பேண்டில் குடியரசு தின அணிவகுப்புக்காக உன் கையில் டிரம்பெட்டைக் கொடுத்தபோது அது வேண்டவே வேண்டாம் என்று அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? டிரம் அடிக்க ஆசைப்பட்டாய். டிரம் எல்லாம் உயரமான பையன்களுக்குப் போய்விட்டது. ஒரு மாதம் உன் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனதாக உன் அப்பா இன்றைக்கும் சொல்லுவார். பிறகு ஒரு நாள் அது சத்தமாக இல்லாமல் பாட்டாக வந்தது. அதன்பின் உன்னை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஜீப் ஓட்டிக்கொண்டு பேண்டு செட்டும் நடத்திக்கொண்டிருந்த மார்ட்டின் உன்னைக் கூப்பிட்டபோது நீ ப்ளஸ் டூ முடித்திருந்தாய். கல்யாண ஊர்வலம், தேர்பவனி, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போகிற செட் அது. டீச்சர் மகன் சாவுக்கு ஊதப் போகிறான் என்று ஆலயத்தில் ஒன்றிரண்டு பேர் என் காதுபட பேசினார்கள். எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் நீ மார்ட்டின் வீட்டிலிருந்து வரும்போது முகம் தெளிவாக இருக்கும். அவன் அம்மா ஞானம்மா அக்கா அவித்துக் கொடுத்த கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு வருவாய். அந்த முகத்தைப் பார்த்தபின் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊட்டிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாய். என்னைப் பார்த்துத்தான் அந்தப் பாடத்தை எடுத்தாய் என்று எனக்குப் பெருமை. முதல் செமஸ்டர் முடிவு வந்த அன்று நான் சாப்பாட்டு மேசையில் எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ வந்து எதிரில் உட்கார்ந்து, "ரெண்டு பேப்பர் போயிருச்சும்மா. ரெண்டும் கணக்கு" என்றாய். என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் நீயே முடிவெடுத்துவிட்டாய். மறுநாள் காலையில் டிரம்பெட்டைப் பெட்டியோடு கொண்டுபோய் மார்ட்டின் வீட்டில் வைத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் உன்னைக் கேட்கவில்லை. ஆனால் நீ அப்படிச் செய்ததில் எனக்கு நிம்மதிதான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை விலை படுத்தது. முதலில் எல்லாரும் ஒரு சீசன் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அடுத்த சீசனும் அப்படியே போனது. பறித்த கூலிக்குக்கூட இலை விற்காது என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக நின்றது. உன் அப்பா ஃபிட்டராக இருந்த ஃபேக்டரியில் வாரத்தில் பாதி நாள் மிஷின் ஓடவில்லை. பிறகு ஒரு நாள் அவர் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பூருக்குப் புறப்பட்டார். அங்கே பனியன் கம்பெனியில் மிஷின் பார்க்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவரோடு அதே பஸ்ஸில் என் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் அப்பா அம்மாவோடு பெட்டி படுக்கையுடன் ஏறினார்கள். "டீச்சருங்க, போயிட்டு வாரோமுங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். எந்தப் பிள்ளையும் திரும்பி வரவில்லை. நீயும் நானும் மட்டும் வீட்டில் மிஞ்சினோம்.

நீ அந்த ஒரு வருடம் படித்தது போல யாரும் படித்திருக்க மாட்டார்கள். கல்லூரி விட்டு வந்தால் புத்தகம். பனிக்காலத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு புத்தகம். சனி, ஞாயிறு புத்தகம். நான் கதவருகில் நின்று பார்த்துவிட்டு மனநிறைவோடு போவேன். பேச்சு மட்டும் உன்னிடமிருந்து மெதுவாகக் குறைந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்லமாட்டாய். ஆலயத்தில் எல்லாரும் பாடும்போது நீ வாய் திறக்காமல் நின்றாய். அப்பா போனது உன்னைப் பாதித்திருக்கிறது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வருட முடிவில் ரிசல்ட் வந்தது. பழைய இரண்டில் ஒன்றும் தேறவில்லை. புதிதாக இன்னும் இரண்டு சேர்ந்திருந்தது. டிரம்பெட் வீட்டில் இருந்தபோது போனதைவிட, டிரம்பெட் இல்லாதபோது அதிகமாகப் போயிருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது ஏன் என்று புரியவில்லை.

அப்போதுதான் மார்ட்டின் நம் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்த தங்கராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்றும், அன்று மதியம் அடக்கம் என்றும், செட்டில் டிரம்பெட் ஊதுகிற பையனும் திருப்பூருக்குப் போய்விட்டான் என்றும் சொன்னான். கல்யாணங்களை எல்லாம் விலை ஏறட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள், சாவுக்கு மட்டும்தான் இப்போது செட் போகிறது, அதற்கும் ஆள் இல்லை என்றான். உன்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டான். "இந்த ஒரு தடவ மட்டும் அனுப்புங்க டீச்சர். அவரு பெட்டி சத்தமில்லாம போறது நல்லா இல்லீங்க." தங்கராஜ் அண்ணன் உன் அப்பாவோடு ஒரே ஃபேக்டரியில் வாழ்நாள் முழுக்க இருந்தவர். அப்பா வர முடியாது. வீட்டிலிருந்து யாராவது போக வேண்டும். நான் உன்னைப் பார்த்தேன். நீ ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாய்.

அந்த ஊர்வலத்தில் நான் பெண்களோடு பின்னால் நடந்துவந்தேன். இரண்டு பக்கமும் பறிக்காத தேயிலை தலைக்கு மேலே நின்றது. நடுவில் ஒற்றையடிப் பாதை. ஒரு வருடமாக ஊதாத உதடு. ஆலயப் பாட்டின் உச்சத்தில் உன் டிரம்பெட் பிசிறியது. ஒரு தடவை இல்லை, பல தடவை. பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற தாய் மாதிரி நடந்தேன். ஆனால் நீ நிற்கவில்லை. பிசிறிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாய். கல்லறை வரைக்கும் அப்படியே ஊதிக்கொண்டு வந்தாய். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கராஜ் அண்ணனின் மகள் மட்டும் எல்லாம் முடிந்தபின் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் கீழுதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துக் கொடுத்தேன். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே நீ பேச ஆரம்பித்தாய். ஒரு வருடத்தில் அவ்வளவு நேரம் நீ பேசி நான் கேட்கவில்லை. பாதியில் இப்படிச் சொன்னாய். "ரொம்பத் தப்பா ஊதுனேம்மா. ஆனா நிறுத்த முடியலை. பெட்டி போயிட்டே இருக்குது. நான் நின்னா தூக்கறவங்களும் நிக்கணும்." அதைச் சொல்லிவிட்டு நீ போய் முகம் கழுவினாய். பிறகு பையிலிருந்து பழைய வினாத்தாளை எடுத்து என் முன்னால் வைத்து, இதை நான் போடுகிறேன், நீ பார் என்றாய். கல்லூரியில் சேர்ந்தபின் நீ என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பார்த்தேன். முதல் கணக்கைத் தொடங்கினாய். மூன்றாவது வரியில் சிக்கியது. அழித்தாய். மறுபடி எழுதினாய். மறுபடி அழித்தாய். தாள் தேய்ந்து ஓட்டை விழுகிற வரைக்கும் அந்த ஒரே கணக்கில் நின்றாய். உன் நெற்றியில் வியர்த்திருந்தது. இந்தக் குளிரில். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உனக்குப் பாடம் தெரியாமல் போகவில்லை. ஒரு இடத்தில் தப்பு வந்தால் அந்த இடத்தை விட்டு உன்னால் நகர முடியவில்லை. பரீட்சை ஹாலிலும் முதல் பக்கத்திலேயே மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறாய். மற்ற கேள்விகளை நீ படித்துக்கூடப் பார்த்ததில்லை. நான் எதுவும் விளக்கவில்லை. "அடுத்த கணக்குக்குப் போ, கண்ணு" என்று மட்டும் சொன்னேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். சிரித்தாய். நீயும் அதைப் பிடித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆகவில்லை என்பது உனக்கே தெரியும். அடுத்த பரீட்சையில் இரண்டு தேறியது, ஒன்று புதிதாகப் போனது. ஆனால் வீட்டில் நடமாட்டம் வந்தது. ஃபேக்டரியின் மேல்மாடியில், இலையைப் பரப்பி வாடவிடுகிற நீளமான அந்த அறை காலியாகக் கிடந்தது. உன் அப்பாவின் சிநேகிதர்கள் சாவியைக் கொடுத்தார்கள். கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக அங்கே போய்க் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படிப்பாய். பனி விழும் நாளில், வாய் வைத்து ஊதுகிற மௌத் பீஸைக் கைக்குள் மூடி வைத்துச் சூடாக்கிக்கொண்டு நடப்பாய். அறையின் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு நீ ஊதுவது எங்கள் பள்ளிக்கூடம் வரை கேட்கும். மிஷின் ஓடாத ஃபேக்டரியிலிருந்து ஏதோ ஒரு சத்தமாவது வருகிறதே என்று பக்கத்தில் வரிசையாக இருக்கிற லைன் வீட்டுத் தொழிலாளிப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கோடை வந்தால் திருவிழாவும் பரீட்சையும் ஒன்றாக வரும். எதற்குப் போவது, எதை விடுவது என்று ஒவ்வொரு வருடமும் தடுமாறுவாய். சில தடவை சரியாகத் தீர்மானித்தாய். சில தடவை தப்பாக. கோத்தகிரியில் ஒரு தேர்பவனிக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் பரீட்சை ஹாலில் தூங்கியே போனாய். அந்தப் பேப்பரும் போனது. அது உன் தப்புதான், நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

இப்போது ஞானம்மா அக்கா இறந்த நாளுக்கு வருகிறேன். மூன்று வருடம் முடிந்து, உன் கூடப் படித்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். உனக்கு ஒரே ஒரு பேப்பர் மிச்சம். அது எழுதித் தேறினால் டிகிரி. பெங்களூரில் மாமா சொல்லி வைத்திருந்த வேலைக்கு டிகிரி இருந்தால் போதும். பரீட்சைக்கு முந்தைய நாள் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், அக்கா போய்விட்டார்கள். மார்ட்டின் வீட்டுக்கு நாம் போனபோது அவன் அழுதுகொண்டிருந்தான். உன்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நீ பரீட்சை எழுதிட்டு வா. பந்தலூர்ல இருந்து எங்க ஆளுங்க வரணும். எடுக்கறதுக்கு எப்படியும் சாயங்காலம் ஆயிரும்" என்றான். நீ போகமாட்டேன் என்றாய். பரீட்சை வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றாய். அவன் உன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நீ பஸ் ஏறினாய்.

நான் உன் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு மார்ட்டின் வீட்டுக்குப் போனேன். பந்தலூர் உறவினர்கள் மதியமே வந்துவிட்டார்கள். அவர்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அக்காவின் அண்ணன் நிதானமான மனிதர். ஆனாலும் திரும்பிப் போக அவர்களுக்கு நீண்ட வழி. மூன்று மணிக்கு மேல் பங்குச் சாமியார் வந்து நின்றார். நீ வரவில்லை. பஸ் வரவில்லை. பிறகு யாரோ வந்து, ஊட்டியிலிருந்து வருகிற வழியில் கட்டபெட்டில் தேயிலை விவசாயிகள் விலை கேட்டு மறியல் செய்கிறார்கள், வண்டி எல்லாம் நிற்கிறது என்றார்கள். அந்தப் பந்தலூர் பெரியவர் மார்ட்டினிடம் வந்து மெதுவாகப் பேசினார். மழை வரும் போல இருக்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். மார்ட்டின் சொன்ன பதில் எனக்கு நன்றாகக் கேட்டது. "ஒரு பையன் பரீட்சை எழுதப் போயிருக்கான் மாமா. அவன் வந்ததும் எடுத்தர்லாம்." யார் அந்தப் பையன், என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. போய்த் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். நான் டிரம்பெட்டைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, உன்னைப் போலவே மௌத் பீஸை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சாவு வீடு முழுக்க என் மகனுக்காகக் காத்திருந்தது. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பெருமை என்றால் அதுவும் தப்பில்லை.

நீ ஒரு பைக்கின் பின்னால் வந்து இறங்கினாய். சட்டை முழுக்கச் செம்மண். மறியலில் உட்கார்ந்திருந்த ஒரு படகர் விவசாயியிடம் போய் விஷயத்தைச் சொன்னதாகவும், அவர் எழுந்து தன் வண்டியை எடுத்து எஸ்டேட் குறுக்கு வழியாகவே கொண்டுவந்து விட்டதாகவும் பிறகு சொன்னாய். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. உன்னை இறக்கிவிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி மறியலுக்கே போனார். நீ என் கையிலிருந்து டிரம்பெட்டை வாங்கினாய். விரல்களில் மை இருந்தது. அன்றைக்கு நீ ஊதியதில் ஒரு இடத்திலும் பிசிறவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் பாட்டில் உனக்கு மூச்சே வரவில்லை. இரண்டாவது பாட்டில் வந்தது. கல்லறை மேட்டில் நீ ஊதிய கடைசிப் பாட்டுக்குப் பந்தலூர் பெரியவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

அந்தப் பேப்பர் தேறவில்லை. ரிசல்ட் வந்த அன்று நீ என்னிடம் சொல்வதைவிட மார்ட்டினிடம் சொல்லத்தான் பயந்தாய். அத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டு, அதுவும் இல்லாமல் போனதே என்று புலம்பினாய். நானும் உன்னோடு வந்தேன். மார்ட்டின் ஜீப்புக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். நீ சொன்னதைக் கேட்டான். வெளியே வந்து கையைத் துடைத்தான். "அதுக்கென்ன. பரீட்சை மறுபடியும் வரும், எழுதிக்கலாம். எங்கம்மா மறுக்கா சாக மாட்டாங்க. அதுக்கு நீ வந்துட்டே." சொல்லிவிட்டு மறுபடி ஜீப்புக்கு அடியில் போய்விட்டான். அடுத்த முறை எழுதினாய், தேறினாய். அந்த மார்க் என்ன என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. மார்ட்டின் சொன்னது அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயிலான பிள்ளைகளின் பெற்றோர் அழுதுகொண்டு வந்து நிற்கும்போதெல்லாம், அதன் முதல் பாதியை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனிமேல்தான் அறிவுரை. உனக்கு ஒரு பேப்பர் போயிருக்கிறது. வேலையும் பார்த்துக்கொண்டு மாலையில் படிக்கிறவனுக்கு அது நடக்கும். எது திரும்ப வரும், எது ஒரு தடவைதான் வரும் என்று பிரித்துப் பார். பரீட்சை அடுத்த செமஸ்டரும் வரும். புதுப் பெண்ணோடு குடித்தனம் தொடங்குகிற முதல் வருடம் திரும்ப வராது. ஆகவே அந்தப் பேப்பருக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளோடு உட்காராதே. டிரம்பெட்டை விட்டால் பேப்பர் தேறும் என்றும் நினைக்காதே. அந்தக் கணக்கை நீ ஏற்கெனவே ஒரு வருடம் போட்டுப் பார்த்தாய், விடை தப்பு. நீ பெரிய வித்வான் இல்லை. மார்ட்டினே அதை என்னிடம் சொல்லியிருக்கிறான். பரவாயில்லை. ஊதிவிட்டு வருகிற உன்னோடு இருப்பது சுலபம். ஊதாத உன்னோடு ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் சொல்கிறேன். அடுக்கு வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்றால் ஏதாவது ஒரு ஆலயத்தில் போய்க் கேள். வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒரு அறையைத் திறந்து கொடுக்கமாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. இது உன் அப்பாவைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது. திருப்பூரில் அவர் இருந்த வருடங்களில் அந்த வெயிலும் மிஷின் சத்தமும் அவருக்கு ஒத்துவரவே இல்லை. இன்றைக்கும் ஒரு காது சரியாகக் கேட்காது. ஆனால் உங்களுக்காகத்தான் போனேன் என்று ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நீ பெயிலானபோதும் வரவில்லை. ஊரில் வேலை இல்லை, அங்கே இருந்தது, போனேன் என்பார். அதனால்தான் அவர் திரும்பி வந்தபோது இந்த வீட்டில் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற எஸ்தருக்காக டிரம்பெட்டை விடுவதை இப்போது நல்ல மனதோடுதான் செய்வாய். பத்து வருடம் கழித்து, வேறு ஏதோ சண்டையில் அது உன் வாயில் வரும். உனக்காக அதைக்கூட விட்டேனே என்பாய். அவள் கேட்காத ஒன்றுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேட்காத ஒன்று என்று சும்மா எழுதவில்லை. முந்தாநாள் எஸ்தர் குன்னூரிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். புடவை விஷயமாகத்தான் பேச ஆரம்பித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "அத்தை, அவரு டிரம்பெட் ஊதுவாருன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு தடவகூட கேட்டதில்லீங்க. கேட்டா தப்பா நினைப்பாருங்களா?" என்றாள். நீ பெண் பார்க்கப் போன அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். வேலையைச் சொன்னாயாம், படிப்பைச் சொன்னாயாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சனிக்கிழமை அவன் வருகிறான், நீ உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாம்மா, வந்து கேள் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் சனிக்கிழமை நீ கட்டாயம் வர வேண்டும். எத்தனை மாதமாக நீ ஊதவில்லை என்று எனக்குத் தெரியாது. பிசிறும். பிசிறட்டும், நீ நிற்காதே. அவள் முழுவதையும் கேட்கட்டும். அதன்பின் டிரம்பெட்டை வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் நான் இருக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா